அடி எண்ணும் வழக்கம்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தூரத்தை எவ்வாறு சொல்கிறது என்பதைக் கொண்டு அச்சமூகம் எவ்வாறு நடந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். துணியையும் மரத்தையும் சாணாலும் முழத்தாலும் அளந்த தமிழர், வழியை அளக்கும்போது வேறு அளவைகளை நாடினர். ஒருவன் உரத்துக் கூப்பிட்டால் மற்றவனுக்குக் கேட்கும் எல்லை ‘கூப்பிடு’ எனப்பட்டது. ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம் ‘நாழிகைவழி’ எனப்பட்டது. அகராதிகள் அதனை ஏறத்தாழ ஒன்றரை மைல் எனக் கொள்ளும். 24 நிமிடத்தில் ஒன்றரை மைல் என்பது விரைந்த நடையே. அக்காலத்தார் சோம்பி நடந்தவரல்லர் என்பது இதனாற் பெறப்படும். அதற்கும் மேற்பட்ட நெடுவழிக்குக் ‘காதம்’ என்னும் அளவை இருந்தது. கணக்கு நூல்கள் இவற்றைக் கோல்களாகப் பகுத்துக் காட்டினும், நாள்வழக்கில் இவற்றைக் கையாண்டோர் குரலையும் பொழுதையும் களைப்பையும் கொண்டே வழியை மதிப்பிட்டனர். நடந்த அடிகளை ஒன்று, இரண்டு என எண்ணிச் சென்றவர்களாக அவர்களைக் கருத இடமில்லை.

இன்று நிலைமை வேறு. கையிற் கட்டிய கடிகாரமும் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியும் நாள் முழுவதும் அடிகளை எண்ணுகின்றன. மாலையில் ஓர் எண்ணைக் காட்டி, இலக்கை எட்டினாய் என்றோ எட்டவில்லை என்றோ அறிவிக்கின்றன. அந்த இலக்கும் பெரும்பாலும் 10,000 என்னும் ஒரே எண்ணாகவே உலகெங்கும் வழங்குகின்றது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக எண்ணாமல் நடந்த மனிதன் எப்பொழுது, எவர் பொருட்டு எண்ணத் தொடங்கினான் என்பது ஆராயத்தக்கது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பகுதி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. நடை மிகுந்திருந்த காலமும், நடை குறைந்த காலமும், நடக்க இயலாதவாறு வழி அடைபட்ட காலமும் இங்கு ஒன்றன்பின் ஒன்றாக, சில வேளை ஒன்றன்மேல் ஒன்றாக, வந்துள்ளன.

வாவி வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே கடலோரமாயுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமுமாய் விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்று நிலத்தைப் பெயரிட்ட மக்கள் அதன் குறுக்கே நாள்தோறும் போய்வந்தனர். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையோர் பலர். மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, குருமன்வெளித்துறை என்றவாறு ஊர்ப்பெயர்களிலும் வழிப்பெயர்களிலும் துறைகள் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. துறையில் மனிதரையும் வண்டியையும் ஏற்றிக் கரை சேர்க்கும் தெப்பத்தை இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். நீரின்மேல் மிதக்கும் ஒன்றுக்குப் பாதை எனப் பெயரிட்டது வியப்புக்குரியதன்று. நிலவழி முடிந்த இடத்தில் அதுவே வழியாயிற்று. ஆகவே இங்கு ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடைப்பட்ட தூரம் என்பது நடை, துறையில் காத்திருப்பு, தோணி, மீண்டும் நடை என்பவற்றின் கூட்டாகவே இருந்தது. அதனை அடிகளால் அளக்க முற்பட்டால் அளவை பாதியிலேயே அறுந்துவிடும்.

இவ்வாவிக்கரை மக்கள் தம் வழிபாட்டின் நடுவிற் பேணிவரும் கதையும் ஒரு நடைப்பயணத்தின் கதையே. வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. அக்கதைக்கு மூலமான சிலப்பதிகாரத்திலே, புகாரைவிட்டுப் புறப்பட்ட கண்ணகி சிறிது தூரம் நடந்ததுமே இளைத்து, மதுரை மூதூர் எங்குள்ளது என வினவுகின்றாள். முப்பது காதம் என்பதைக் கோவலன் ஐந்தும் ஆறும் கலந்த ஒரு தொடராற் கூறி, அண்மையில்தான் என்று சிரிக்கின்றான். தூரத்தை அறிந்தவன் அதனை மறைக்கும்படி சொல்வதும், அறியாதவள் நடந்தே அறிவதும் அவ்விடத்தில் அமைந்துள்ளன. எண் அங்கு வழியின் உண்மையை உரைக்கவில்லை. நடப்பவளின் மனம் தளராதிருக்கவே உதவிற்று. மாலையில் ஒளிரும் இலக்கெண் ஊக்கமூட்டுவதாகச் சொல்லப்படும் இக்காலத்தில் இவ்விடம் நினைவுகூரத்தக்கது.

கதையிலன்றி வாழ்விலும் இப்பகுதியின் பெருநடை ஒன்றுண்டு. அது கதிர்காம பாதயாத்திரை. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை வழியாக வெருகலை அடைந்து, வாகரை, சித்தாண்டி, மாமாங்கம், களுதாவளை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை எனக் கிழக்குக் கரையோரமாக நடந்து உகந்தையை எட்டுவர். அதன்பின் குமணைக் காடும் கும்புக்கன் ஆறும் யால வனமும் கடந்து மாணிக்க கங்கைக் கரையில் யாத்திரை நிறைவுறும். முழு வழியையும் நடப்போர்க்கு ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட காலம் செல்லும். மட்டக்களப்பாரோ தத்தம் ஊர்க் கோயில்களில் நின்று இந்த ஓட்டத்தில் இணைந்துகொள்வர். இந்துக்களே அன்றி, கதிர்காமத்தைத் தம் மரபிலும் போற்றும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் அத்தலத்தை நோக்கி நடந்துள்ளனர்.

இந்த யாத்திரையில் தூரத்தின் அலகு தங்குமிடம். இன்று இரவு எந்தக் கோயில் மண்டபம், நாளை நண்பகல் வெயிலுக்கு எந்த மரநிழல், தண்ணீர் எங்கே கிடைக்கும், சோறிடுவோர் எந்த ஊரில் இருக்கின்றனர் என்பனவே யாத்திரிகர் கணக்கு. விடியுமுன் எழுந்து வெயில் ஏறுமுன் ஒரு தங்கலை அடைவதும், வெயில் தாழ்ந்தபின் அடுத்ததை நோக்கிப் புறப்படுவதும் வழக்கம். குழுவில் மூத்தோர் நடையின் அளவே ஏனையோர் நடையின் அளவாகும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஓர் அடியை 75 சென்ரிமீற்றராகக் கொண்டால் இது 53,000 அடிகளுக்கு மேல் வரும். இக்கணக்கைப் பழைய யாத்திரிகர் ஒருவரிடம் கூறியிருந்தால் அவர் அதனை எதற்கென்று கேட்டிருப்பார்.

இதனால் பக்தி மரபில் எண்ணிக்கையே இல்லையென்று கொள்ளலாகாது. பிரகாரத்தை ஒன்பது முறை, இருபத்தேழு முறை, நூற்றெட்டு முறை வலம்வர நேர்ந்துகொள்வோர் எண் தவறாதிருக்கப் பூவையோ கல்லையோ ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். குதிக்கால் நுனிக்காலைத் தொட அடிமேல் அடிவைத்துச் சுற்றும் அடிப்பிரதட்சிணமும், அடிக்கொரு தடவை நிலந்தோய வணங்கிச் செல்லும் அடியழித்தலும் அடியைத் தனித்தனியே உணரச்செய்யும் நேர்த்திகள். ஆயின் இங்கு எண்ணிக்கை தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கை நிறைவுசெய்வதற்காக ஏற்பட்டது. நூற்றெட்டு முடிந்தால் நேர்த்தி முடிந்தது. மறுநாட் காலையில் அந்த எண் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை.

வழியை அளப்பதற்காக அடியை எண்ணியோர் பெரும்பாலும் அவ்வழிக்கு அயலாராகவே இருந்தனர் என்பது வரலாறு தரும் செய்தி. அலெக்சாந்தரின் படையுடன் அடியளப்போர் சென்றனர். வென்ற நாடுகளின் தூரங்களைக் குறித்துவைப்பது அவர்தம் தொழில். மைல் என்னும் சொல்லே ஆயிரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமர் வலக்காலும் இடக்காலும் சேர்ந்த ஆயிரம் இரட்டையடிகளை ஒரு மைலாகக் கொண்டு, சாலையோரங்களில் கல் நாட்டினர். படை எப்பொழுது எங்கு சென்று சேரும் என்பதை உரோம அரசு அறிய வேண்டியிருந்தது.

இம்மரபின் மிக நுட்பமான எடுத்துக்காட்டு நமது அயலிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய இந்தியாவின் நிலவளவையாளர் இமயத்தின் தென்புறத்தை அளந்து முடித்திருந்தனர். வடக்கே திபெத்து அயலார்க்கு மூடப்பட்டிருந்தது. ஆகவே மொண்ட்கொமரி என்னும் அதிகாரி மலைநாட்டவர் சிலரை டெராடூனிற் பயிற்றுவித்தார். மலையேற்றமாயினும் இறக்கமாயினும் அடியின் நீளம் மாறாதிருக்க அவர்கள் பழகினர். ஏறத்தாழ 2,000 அடி ஒரு மைலாகக் கொள்ளப்பட்டது. அவர்களுள் நயின் சிங் என்பவர் 1865 ஆம் ஆண்டு யாத்திரிகர் கோலத்தில் நேபாளத்திலிருந்து புறப்பட்டு லாசா வரை சென்று மீண்டார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்பட்டது. கையிற் சுழன்ற மந்திரச் சக்கரத்தினுள்ளே மந்திரத்துக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள் இருந்தன. 1877 இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. மாலையிலிருந்து நீங்கிய அந்த எட்டு மணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வேண்டுதற் கணக்கு அரசின் பதின்மக் கணக்காக மாறிய இடம் அதுவே எனலாம். வெளியிலிருந்து பார்த்தவர்க்கு அவர் கதிர்காமம் செல்லும் ஓர் அடியாரைப் போலவே தோன்றியிருப்பார்.

இலங்கையில் இப்பணி சங்கிலி கொண்டு நடந்தது. ஆளுநர் நோர்த் காலத்தில், 1800 ஆம் ஆண்டு, நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1848 இன் தெருச் சட்டம் வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. நடந்தவர் உழைப்பிலேயே நடையைக் குறைக்கும் தெருக்கள் எழுந்தன. தெருவோரங்களில் மைற்கற்கள் நடப்பட்டதும் மக்களின் பேச்சும் மாறிற்று. ஈழத்துத் தமிழ் வழக்கில் மைலைக் ‘கட்டை’ என்பர். ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை என்பன இடப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. கூப்பிடும் நாழிகைவழியும் நடப்பவனைச் சார்ந்த அளவைகள். கட்டையோ எவர் நடந்தாலும் நடவாவிட்டாலும் அரசு நாட்டிய இடத்தில் நின்றது.

1924 ஆம் ஆண்டு கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயர் அதற்கு இடப்பட்டது. 1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. பின்னர் பேருந்தும், மிதிவண்டியும், நமது காலத்தில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வந்தன. 2013 இல் கல்லடியில் புதிய பாலமும் 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டபின், முன்னர் அரைநாள் எடுத்த போக்குவரத்து சில நிமிடங்களாயிற்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் துறையிற் காத்திருந்த படுவான்கரை மக்களுக்கு இது பெரும்பேறு. பழைய நடையைப் புகழ்வோர் அந்தக் காத்திருப்பில் உயிர்விட்டோரையும் நினைத்தல் வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு நடையும் இருந்தது. 1983 ஆம் ஆண்டின் பின் பாதயாத்திரை தடைப்பட்டது. 1988 இல் அது மீண்டும் தொடங்கினும் போர்க்காலம் முழுவதும் வழி திறப்பதும் அடைபடுவதுமாக இருந்தது. அதே வழிகளில் மக்கள் வேறு காரணத்துக்காக நடந்தனர். 1990 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் பல்லாயிரம் அகதிகளின் புகலிடமாயிற்று. அங்கும் அவர்களுக்குப் பாதுகாப்புக் கிட்டவில்லை. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் வாகரையிலிருந்து குழந்தைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு காட்டுவழியாகவும் நீர்வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்துசேர்ந்தோர் பல்லாயிரவர். வெருகலிலிருந்து கதிர்காமம் செல்லும் அடியார் மிதித்த மண்ணே அது. வந்துசேர்ந்தவர்களைக் குடும்ப அட்டைப்படி எண்ணினர். அவர்கள் எத்தனை அடி நடந்தனர் என்பது எக்கணக்கிலும் இல்லை.

இனி, உடல்நலத்தின் பொருட்டு அடியை எண்ணும் வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதை நோக்குவோம். இதன் வேர் தொழிலாளரைப் பற்றிய ஓர் ஆய்விலே உள்ளது. 1953 ஆம் ஆண்டு ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரைப் பற்றிய ஆய்வை ‘லான்செற்’ இதழில் வெளியிட்டனர். இரட்டைத்தட்டுப் பேருந்தின் சாரதி நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருப்பார்; நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்க நாள்தோறும் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநரிடம் குறைவாகவே காணப்பட்டது. ஒரே நிறுவனம், ஒரே வண்டி. வேறுபாடு கால்களிலேயே இருந்தது. உழைப்பினால் உடல் தேய்கிறது என்றே நம்பிய உலகுக்கு, உழைப்பின்மையாலும் உடல் கெடும் என்பதை எண்ணால் நிறுவிய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று.

பத்தாயிரம் என்னும் எண்ணோ ஆய்வுகூடத்திலிருந்து வந்ததன்று. 1964 இல் தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றபின் யப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்தது. 1965 இல் யமாசா என்னும் கடிகார நிறுவனம் இடையில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்து அதற்கு ‘மன்போ-கேய்’, அதாவது பத்தாயிரம் அடி மானி, எனப் பெயரிட்டது. யப்பானிய எழுத்தில் பத்தாயிரத்தைக் குறிக்கும் வடிவம் நடக்கும் மனிதனை ஒத்திருப்பதும் இத்தேர்வுக்கு உதவியதென்பர். ஒரு பொருளின் பெயராகப் பிறந்த எண், மருத்துவ விதியைப் போல நிலைபெற்றுவிட்டது. வணிகம் அறிவியலுக்கு முன்னே சென்று வழியை அடைத்துக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அறிவியல் பின்னரே வந்தது. 2019 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை நோக்கிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடம் ஆய்வுக்காலத்தில் இறப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. 7,500 அடியளவில் பயன் மேலும் கூடாது நின்றது. 2025 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் நாளுக்கு 7,000 அடிகளே பெரும்பயன் தரும் என்றனர். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலோ அடிக்கணக்கையே கூறாது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று பொழுதால் அளந்தது. நாழிகைவழிக்கு நாம் மீண்டும் வந்துவிட்டோமோ என்று ஒருவர் நகைக்கலாம். 2017 இல் கைத்தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு 111 நாடுகளின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள், உலக மாந்தரின் சராசரி நாளுக்கு 4,961 அடி என்றனர். கைத்தொலைபேசி வைத்திருப்போரின் சராசரி என்பதே பொருந்தும்.

இவ்வாய்வுகள் நமக்குத் தேவையற்றன என்று தள்ளுதல் தகாது. இலங்கையில் 2005–2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தமை தெரியவந்தது. நகரத்தில் அது கூடுதலாயிருந்தது. நடக்க வேண்டிய தேவை அற்றுப்போன இடத்திலே நடை மருந்தாகின்றது. மருந்தாயின் அதற்கு அளவும் வேண்டும். கல்லடிப் பழைய பாலத்தின்மேல் மாலை வேளைகளில் நடப்போரின் கணக்கு இதுவே. பாலம் ஏறத்தாழ 290 மீற்றர். ஒரு முறை கடந்தால் 390 அடிவரை வரும். பத்தாயிரத்தை எட்ட விரும்புவோர் பதின்மூன்று முறை போய்த் திரும்புதல் வேண்டும். வாவியைக் கடப்பதற்காகக் கட்டிய பாலம் இப்பொழுது கடவாதிருப்பதற்கும் பயன்படுகிறது.

அதே வேளையில் பாலத்தின் கீழே தோணியில் நின்று கோலூன்றிச் செல்பவரையும், வீச்சுவலை எறிந்து இழுப்பவரையும் காணலாம். அவர் இடையில் அடிமானியைக் கட்டிவிட்டால் அது காட்டும் எண் மிகச் சிறிதாகவே இருக்கும். தோளும் முதுகும் நாள் முழுதும் உழைத்தமை அதற்குத் தெரியாது. சேற்று வயலில் நாற்று நடும் பெண் முழங்காலளவு சேற்றில் வைக்கும் ஓர் அடியும், தளமிட்ட பாலத்தில் வைக்கும் ஓர் அடியும் அக்கருவிக்கு ஒன்றே. அடிமானி உழைப்பை அளக்கும் கருவியென்று கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். நாற்காலியில் இருந்து தொழில்புரியும் வகுப்பாரின் ஒரு குறையை அளப்பதற்காக அது தோன்றிற்று. அந்த வேலையை அது செவ்வனே செய்கின்றது. படுவான்கரை உழைப்பாளியின் உடல்நலத்தை அதே எண்ணால் மதிப்பிட முற்பட்டால், அவருக்குத் தேவை நடையா, ஓய்வா, நல்லுணவா என்னும் கேள்வியே எழாது போய்விடும்.

போர் முடிந்தபின் பாதயாத்திரை முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியுள்ளது. ஆண்டுதோறும் காட்டுவழி திறக்கப்படும் நாட்களில் பல்லாயிரவர் உகந்தையிற் கூடுகின்றனர். அவர்களுட் பலர் உகந்தைவரை வாகனத்தில் வந்து, வனத்தினூடான சில நாள் நடையை மட்டும் மேற்கொள்கின்றனர். காட்டின் வாயிலில் அதிகாரிகள் ஆட்களை எண்ணிப் பதிகின்றனர். வெருகலிலிருந்தோ சித்தாண்டியிலிருந்தோ நடந்தே வருவோர் இன்றும் உளர். எந்த ஊர்க் கிணற்றுநீர் உவர்ப்பு, எந்தக் கோயில் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கலாம், எந்த வீட்டார் தம் தாய் காலந்தொட்டு யாத்திரிகருக்குச் சோறிட்டு வருகின்றனர் என்பன அவர்களுக்குத் தெரியும். இவ்வறிவு எழுத்தில் இல்லை. மூத்தோர் சிலரின் வாய்மொழியிலேயே உள்ளது. தங்கல்களின் வரிசையை, அவற்றின் பெயர்க்காரணங்களோடும் இடைப்பட்ட நடைப்பொழுதோடும், ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதுதல் வந்தாறுமூலையிலும் பிறவிடங்களிலும் வரலாறு பயில்வோர்க்குக் கைக்கெட்டும் பணியாகும்.